பிரேக் பிடிக்காத அந்த இறக்கம்... சே குவேராவை பைக்கிலிருந்து இறக்கிய நாள்!

பெட்ரோல் டேங்க் மீது ஸ்டிக்கராக, ஆட்டோவின் பின்பக்கக் கண்ணாடியில் படமாக, கல்லூரி மாணவரின் டி-ஷர்ட்டில் அச்சாக... நட்சத்திரத் தொப்பியும் கலைந்த முடியுமாக அந்த முகத்தைப் பார்க்காமல் தமிழ்நாட்டுச் சாலையில் ஒரு நாளைக் கடப்பது கஷ்டம். சே குவேரா! அவருடைய அரசியலை ஏற்பவர்களும் உண்டு, கடுமையாக எதிர்ப்பவர்களும் உண்டு. ஆனால் பைக் பிரியர்களுக்கு அவர் மேல் இருக்கும் பாசம் தனி. 'நண்பனோடு பைக்கில் கண்டத்தையே சுற்றியவர்' என்ற ஒரு காரணம் போதும் அவர்களுக்கு.

அந்தக் கதையில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ஏழு மாதங்களை நெருங்கிய அந்தப் பயணத்தில், பைக் ஓடியது ஏறக்குறைய முதல் இரண்டு மாதங்கள் மட்டும்தான். மீதி வழியெல்லாம் லாரியின் முதுகிலும், கப்பலிலும், ஆற்றுத் தெப்பத்திலும், கால்நடையாகவும்தான் கடந்தார்கள். பைக் எப்படிச் செத்தது? அதன் பிறகு அந்த இரு நண்பர்களுக்கும் என்ன ஆனது? அதைத் தெரிந்துகொள்ள, 1952 பிப்ரவரி மாதப் பிற்பகுதியில் தெற்கு சிலியின் மலைச்சாலை ஒன்றில் நடந்த ஒரு நாளின் கதையைக் கேட்க வேண்டும்.

இரண்டு பேர், ஒரு நார்ட்டன்

அப்போது அவர் 'சே' இல்லை. அர்ஜென்டினாவின் 23 வயது மருத்துவ மாணவர் எர்னஸ்டோ குவேரா. சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. படிப்பு முடிய இன்னும் சில தேர்வுகள் பாக்கி. திரும்பி வந்து டாக்டர் பட்டம் வாங்கியே தீருவேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

உடன் சென்றவர் ஆல்பர்டோ கிரனாடோ. வயது 29. உயிர்வேதியியல் படித்தவர். தொழுநோய் மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்துவந்தவர். ஆல்பர்டோவின் தம்பியும் எர்னஸ்டோவும் பள்ளித் தோழர்கள். தம்பி வழியாக வந்த அறிமுகம், ரக்பி மைதானத்தில் இறுகி, நெருங்கிய நட்பானது. ஆல்பர்டோதான் ரக்பி பயிற்சியாளர். மூச்சு வாங்கும் இந்தப் பையனை அணியில் சேர்க்கலாமா என்று யோசிக்காமல் சேர்த்துக்கொண்டவர். மைதானத்தில் ஆவேசமாக மோதும் எர்னஸ்டோவுக்கு 'ஃபூசர்' என்று பட்டப்பெயர். 'ஆவேசக்கார செர்னா' என்பதன் சுருக்கம் அது. செர்னா என்பது அவர் அம்மா வழிக் குடும்பப் பெயர். பதிலுக்கு ஆல்பர்டோவுக்குக் கிடைத்த பெயர் 'மியால்'. 'என் ஆல்பர்டோ' என்று பொருள்.

1951 அக்டோபரில், கோர்டோபா நகரில் ஆல்பர்டோ வீட்டு திராட்சைப் பந்தலின் கீழே, 'மாத்தே' என்கிற மூலிகைத் தேநீரைக் குடித்தபடி இருவரும் அரட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அரட்டையில் பிறந்ததுதான் இந்தப் பயணத் திட்டம். வண்டி ஆல்பர்டோவுடையது. 1939 மாடல் நார்ட்டன் 500 சிசி. பெயர் 'லா பொதெரோசா II'. தமிழில் சொன்னால் 'பலசாலி நம்பர் 2'.

ஆனால் பெயரில் இருந்த பலம் வண்டியில் இல்லை!

கம்பி கட்டி ஓடிய பலசாலி

டிசம்பர் கடைசியில் கோர்டோபாவிலிருந்து கிளம்பி, பியூனஸ் அயர்ஸ் வந்து, ஜனவரி தொடக்கத்தில் நெடும்பயணத்தை ஆரம்பித்தார்கள். இரண்டு பேர், கூடாரம், படுக்கை, சட்டி பானை, மூட்டை முடிச்சுகள். எர்னஸ்டோ தன் காதலிக்குப் பரிசாகக் கொடுப்பதற்காக ஒரு நாய்க்குட்டியையும் தூக்கிக்கொண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் 'கம்பேக்'. திரும்பி வருவேன் என்று காதலிக்குச் சொல்லாமல் சொன்ன பெயர் அது. ஆனால், சில வாரங்களிலேயே காதலியிடமிருந்து பிரிவுக் கடிதம் வந்துவிட்டது. அதை அவர் ஆந்தீஸ் மலையடிவாரத்தில் இருக்கும் பரிலோச்சே ஊரில் வைத்துப் படித்தார்.

பாரம் தாங்காமல் வண்டி நிமிடத்துக்கு ஒரு தரம் ஆடியது. மணலில் சறுக்கியது. ஜல்லியில் கவிழ்ந்தது. ஸ்க்ரூ கழன்று விழுந்தால் அந்த இடத்தில் கம்பியைச் சுற்றிக் கட்டிவிட்டு ஓட்டினார்கள். ஸ்க்ரூவைத் தேடி முடுக்குவதைவிட கம்பி கட்டுவது சீக்கிரம் முடிகிற வேலை. ஓட்டை வண்டியை வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போன யாருக்கும் இந்த வைத்தியம் புதிதல்ல.

இப்படியே அர்ஜென்டினாவைத் தாண்டி, ஏரிகள் வழியாகப் படகில் பைக்கை ஏற்றிக்கொண்டு சிலிக்குள் நுழைந்தார்கள்.

பேப்பரில் வந்த 'நிபுணர்கள்'

சிலியில் அவர்களுக்கு ஒரு திருப்பம் காத்திருந்தது. தெமுகோ நகரத்து நாளிதழான 'எல் ஆஸ்ட்ரல்', 1952 பிப்ரவரி 19 அன்று இவர்களைப் பற்றி ஒரு செய்தி போட்டது. தொழுநோய் மருத்துவத்தில் தேர்ந்த இரண்டு அர்ஜென்டின நிபுணர்கள் பைக்கில் தென் அமெரிக்காவைச் சுற்றுகிறார்கள் என்பதுதான் தகவல். ஆல்பர்டோவுக்குத் தொழுநோய் மருத்துவமனை அனுபவம் உண்மையிலேயே உண்டு. எர்னஸ்டோ இன்னும் மாணவர். ஆனால், அச்சில் வந்த பிறகு யார் கேட்கப் போகிறார்கள்?

அந்தப் பேப்பர் துண்டு அவர்களுக்கு ரேஷன் கார்டு மாதிரி ஆனது. அதைக் காட்டினால் சாப்பாடு கிடைத்தது, படுக்க இடம் கிடைத்தது, மெக்கானிக் ஷெட்டில் காசு வாங்காமல் வேலை நடந்தது. கசங்கிய உடையில் வந்து நின்ற இரண்டு ஊர்சுற்றிகள், ஒரே நாளில் 'டாக்டர்கள்' ஆனார்கள்.

தெமுகோவைத் தாண்டியதும் பஞ்சர். அது சரியான பிறகு, ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய் இருவரையும் கீழே தள்ளியது. கியர் பாக்ஸ் உடைந்தது. ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டும் முறிந்தது. பக்கத்தில் இருந்த ஊர் லௌதாரோ. 16-ம் நூற்றாண்டில் ஸ்பானியர்களை எதிர்த்துப் போரிட்ட மபூச்சே பழங்குடித் தலைவரின் பெயரைத் தாங்கிய சிற்றூர் அது. அங்கே ஒரு மெக்கானிக் ஷெட்டில் வெல்டிங் வேலை தொடங்கியது. பைக்கையும் 'டாக்டர்களையும்' பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது.

அன்றிரவு ஊரில் நடன விருந்து. சிலி நாட்டு ஒயினுக்குப் பேர்போன தேசம். எர்னஸ்டோ அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, மெக்கானிக் ஒருவரின் மனைவியிடம் எல்லை தாண்டினார். விஷயம் ரகளையானது. துரத்த ஒரு கூட்டம், தப்பி ஓட இரண்டு நண்பர்கள். இதை அவரே தன் குறிப்புகளில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். பின்னாளில் கோடிக்கணக்கான டி-ஷர்ட்டுகளில் ஏறப்போகிற முகம், அன்றைக்கு அடி வாங்காமல் தப்பித்ததே பெரிய விஷயம்.

'இன்னைக்கு நான் ஓட்டலை'

மறுநாள் காலை. ஊர் மக்களின் முகம் முன்புபோல் மலர்ச்சியாக இல்லை. வண்டியின் மிச்ச வேலையை அவசர அவசரமாக முடித்தார்கள். ஷெட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும் பாசமாக மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும் நேரத்தில் ஆல்பர்டோ ஹேண்டில்பாரைப் பிடிக்க மறுத்துவிட்டார். ஏதோ நடக்கப் போகிறது என்று அவர் மனசுக்குள் ஒரு நெருடல். வண்டிச் சொந்தக்காரர் பின்சீட்டுக்குப் போக, எர்னஸ்டோ முன்னால் உட்கார்ந்தார்.

சில கிலோமீட்டர்தான் போயிருப்பார்கள். கியர் பாக்ஸ் மறுபடி மக்கர் செய்தது. இறங்கிச் சரி செய்தார்கள். மறுபடி கிளம்பினார்கள். சாலை இறக்கமாக வளைந்தது. வண்டி நல்ல வேகத்தில் இருந்தது.

சரியாக அந்த வளைவில், பின் பிரேக்கின் ஸ்க்ரூ கழன்று விழுந்தது. அதே நொடியில் வளைவுக்கு அப்பால் ஒரு மாட்டின் தலை தெரிந்தது. அடுத்து இன்னொன்று. பார்த்தால் சாலை முழுக்க மாட்டு மந்தை!

எர்னஸ்டோ கை பிரேக்கைப் பிடித்து இழுத்தார். அரைகுறையாக வெல்டிங் செய்யப்பட்டிருந்த அதுவும் கையோடு வந்துவிட்டது. இப்போது வண்டியில் பிரேக் என்று எதுவுமே இல்லை. இறக்கத்தில் பலசாலிக்கு முதல்முறையாக உண்மையிலேயே பலம் வந்தது. இரண்டு பக்கமும் மாடுகள் மங்கலாகப் பறந்து போவதுபோல் தெரிந்ததாம். மந்தையின் கடைசி மாட்டுக் காலில் லேசாக உரசியதோடு சரி, வேறு எதன் மீதும் மோதவில்லை. அது எப்படி என்று அவர்களுக்கே புரியவில்லை.

நிம்மதிப் பெருமூச்சு விட முடியாது. இறக்கத்தின் அடியில் ஓர் ஆறு வேகமாகக் கிட்டே வந்துகொண்டிருந்தது. எர்னஸ்டோ ஹேண்டில்பாரைச் சாலையோரத்துக்குத் திருப்பினார். வண்டி இரண்டு மீட்டர் உயர மேட்டில் ஏறி, இரண்டு பாறைகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டு நின்றது. இருவருக்கும் ஒரு சிராய்ப்பும் இல்லை!

அந்தச் சாலையில் ஒரு விநாடி தப்பியிருந்தால், உலகுக்கு 'சே' என்ற பெயரே தெரிந்திருக்காது. 23 வயது மாணவர் ஒருவரும் அவருடைய நண்பரும் சிலியில் விபத்தில் இறந்தனர் என்று அதே ஊர் நாளிதழில் நாலு வரிச் செய்தி வந்திருக்கும்.

பீச் பழங்களின் சோகம்

அன்று இரவு அவர்களுக்கு இடம் கொடுத்தது ஒரு ஜெர்மானியக் குடும்பம். தெற்கு சிலியில் 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே ஜெர்மானியர்கள் குடியேறியிருந்தார்கள். அங்கேயும் பேப்பர் செய்திதான் கைகொடுத்தது. நல்ல உபசரிப்பு, நல்ல படுக்கை.

ஆனால் நடு இரவில் எர்னஸ்டோவின் வயிறு சதி செய்தது. படுக்கைக்குக் கீழே பானை இருந்தது. ஆனால், உபசரித்த வீட்டில் காலையில் அதை அப்படியே விட்டுப்போக வெட்கம். ஜன்னல் ஓரம் ஏறி, இருட்டைப் பார்த்தபடி வேலையை முடித்துக்கொண்டார். விடிந்ததும் எட்டிப் பார்த்தால், இரண்டு மீட்டருக்குக் கீழே ஒரு பெரிய தகரம். அதன் மேல் அந்த வீட்டுக்காரர்கள் வெயிலில் காயப் போட்டிருந்த பீச் பழங்கள். நம் வீட்டு மொட்டைமாடியில் காயும் வத்தலும் வடகமும் மாதிரி!

அடுத்த சில நிமிடங்களில் இருவரும் அந்த ஊரில் இல்லை.

பலசாலியின் கடைசி மூச்சு

அடுத்து வந்தது மல்லெகோ ஆற்றுப் பள்ளத்தாக்கு. 1890-ல் திறக்கப்பட்ட, 102 மீட்டர் உயர ரயில் பாலம் இங்கேதான் நிற்கிறது. சிலி மக்கள் பெருமையோடு காட்டும் பாலம் அது. அதன் அருகே ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. மேலே ஏற்றிவிட ஒரு லாரி கிடைப்பதற்குள் முழு நாளும் போனது. இரவு கொய்பூலி என்ற ஊரில் தூங்கி, விடியற்காலையில் மறுபடி கிளம்பினார்கள். அந்தப் பாதையில் ஏற்றங்கள் ஏராளம். முதல் செங்குத்து ஏற்றத்திலேயே லா பொதெரோசா மொத்தமாக உயிரை விட்டது.

லாரியில் போட்டு லாஸ் ஏஞ்சலஸ் என்ற ஊருக்குக் கொண்டு போனார்கள். அமெரிக்க நகரம் அல்ல, அதே பெயரில் சிலியில் இருக்கும் ஊர். வண்டிக்கு அங்கிருந்த தீயணைப்பு நிலையத்தில் இடம் கிடைத்தது. பிறகு அவர்களும் அங்கேயே ஒண்டிக்கொண்டார்கள். சிலியில் தீயணைப்பு வீரர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். எங்கேயாவது தீப்பிடித்தால் எங்களையும் கூட்டிப் போங்கள் என்று இருவரும் கெஞ்சிக் கேட்டு, ஒரு நாள் போயும் விட்டார்கள். எரிந்துகொண்டிருந்த வீட்டில் ஒரு பூனை மாட்டிக்கொண்டு கத்தியது. தாவிக் குதித்து அதைக் காப்பாற்றியவர், பைக்கை ஓட்டப் பயந்த அதே ஆல்பர்டோ!

பைக்கின் உடலை தலைநகர் சாந்தியாகோ வரை லாரியில் சுமந்து போய், அங்கேயே விட்டுவிட்டார்கள்.

பைக் போனது... என்ன வந்தது?

பைக் இருந்தவரை அவர்கள் எங்கே நின்றாலும் சுற்றிலும் ஒரு கூட்டம் இருந்தது. என்ன வண்டி, எங்கிருந்து வருகிறீர்கள், எவ்வளவு வேகம் போகும் என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். புழுதி படிந்திருந்தாலும், அது ராஜ உலா. பைக் இல்லையென்றதும், அழுக்கு உடையில் முதுகுப் பையோடு லாரிக்காகக் கை காட்டும் இரண்டு பேர். அவ்வளவுதான். தங்கள் மதிப்பு ஒரே நாளில் சரிந்ததை எர்னஸ்டோவே நேர்மையாகக் குறித்து வைத்திருக்கிறார். இனி வண்டி இல்லாத நாடோடிகளாகத்தான் போக வேண்டும், வரப்போவது இன்னும் கஷ்டமான கட்டம் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

கஷ்டம்தான். ஆனால், உலகம் இப்போதுதான் கண்ணில் பட ஆரம்பித்தது.

பைக்கில் இருப்பவரை மக்கள் பார்ப்பார்கள். நடந்து போகிறவர்தான் மக்களைப் பார்க்க முடியும். லாரியின் பின்னால் கூலித் தொழிலாளர்களோடு உட்கார்ந்து போகும்போது, அவர்கள் வாழ்க்கையைக் கேட்காமல் இருக்க முடியாது. துறைமுக நகரமான வல்பரைசோவில், ஆஸ்துமாவும் இதயக் கோளாறும் உள்ள ஒரு மூதாட்டியைப் பார்க்க எர்னஸ்டோவை அழைத்தார்கள். உழைக்க முடிந்தவரை உழைத்துவிட்டு, இப்போது குடும்பத்துக்கே பாரமாகிவிட்ட ஏழைப் பெண். தன்னிடம் இருந்த சில மாத்திரைகளைத் தவிர, அந்த மருத்துவ மாணவரால் கொடுக்க முடிந்தது எதுவும் இல்லை. மூச்சுத்திணறல் என்றால் என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால், அந்த அம்மாவைக் கொல்வது மூச்சுத்திணறல் மட்டும் இல்லை என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது.

ஒரு போர்வையின் குளிர்

அடுத்து வடக்கே, கப்பலில் திருட்டுத்தனமாக ஏறி, கழிப்பறையில் ஒளிந்து பயணம். மார்ச் மாதம், அடகாமா பாலைவனம். பக்கெடானோ என்ற இடத்தில் ஒரு கணவன், மனைவியைச் சந்தித்தார்கள். கணவர் ஒரு கம்யூனிஸ்ட் தொழிலாளி. அப்போது சிலியில் அந்தக் கட்சிக்குத் தடை. மூன்று மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தவர், வேலை தேடிச் சுரங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பாலைவனத்து இரவின் குளிர் எலும்பைத் துளைத்தது. அவர்களிடம் போர்த்திக்கொள்ள ஒரு போர்வைகூட இல்லை. நண்பர்கள் தங்களிடம் இருந்ததில் ஒன்றை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இருந்ததில் இருவரும் சுருண்டுகொண்டார்கள். தன் வாழ்க்கையிலேயே அதிகம் குளிர்ந்த இரவுகளில் அது ஒன்று என்றும், ஆனாலும் மனித குலத்தோடு நெருங்கிய இரவு அது என்றும் எர்னஸ்டோ பின்னால் எழுதினார். பைக் ஓடிக்கொண்டிருந்திருந்தால், அந்தத் தம்பதியை ஒரு கையசைப்போடு கடந்து போயிருப்பார்கள்.

மறுநாள் அமெரிக்க நிறுவனம் நடத்திய சுக்கிகமாட்டா செம்புச் சுரங்கம். பிறகு பெரு. மச்சு பிச்சு. லிமாவில் தொழுநோய் மருத்துவர் ஹூகோ பெஸ்ஸேவின் நட்பு. அமேசான் கரையில் சான் பாப்லோ தொழுநோயாளிகள் குடியிருப்பு. அங்கே கையுறை போடாமல் நோயாளிகளோடு கை குலுக்கி, பந்து விளையாடி, உட்கார்ந்து பேசினார்கள். ஜூன் 14 அன்று எர்னஸ்டோவின் 24-வது பிறந்தநாள் அங்கேயே கொண்டாடப்பட்டது. அங்கிருந்து கிளம்பும்போது அவர்களுக்காகவே கட்டிக் கொடுக்கப்பட்ட தெப்பத்தின் பெயர் 'மாம்போ-டாங்கோ'. பேப்பரில் போட்ட பொய், கிட்டத்தட்ட உண்மையாகிவிட்டிருந்தது.

பிரிந்த இடம்... சேர்ந்த இடம்

1952 ஜூலையில் வெனிசுலாவின் கராகஸ் நகரில் பயணம் முடிந்தது. ஆல்பர்டோவுக்கு அங்கேயே தொழுநோய் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. எர்னஸ்டோ, குதிரைகளை ஏற்றிச் செல்லும் விமானம் ஒன்றில் இடம்பிடித்து, மயாமி வழியாக வீடு திரும்பினார். அம்மாவிடம் சொன்னபடியே 1953-ல் டாக்டரானார். ஆனால் ஊருக்குள் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கும் டாக்டராக இல்லை. தன் பயணக் குறிப்புகளைத் திருத்தி எழுதியபோது, இந்தப் பயணத்தைக் கிளம்பிய ஆள் திரும்பி வரவே இல்லை என்கிற அர்த்தத்தில் எழுதினார். மீண்டும் கிளம்பியவர் மெக்சிகோவில் ஃபிடல் காஸ்ட்ரோவைச் சந்தித்தார். பிறகு நடந்தது உலகம் அறிந்த வரலாறு.

கியூபப் புரட்சிக்குப் பிறகு ஆல்பர்டோ நண்பனைத் தேடி ஹவானாவுக்கு வந்தார். 1961-ல் குடும்பத்தோடு அங்கேயே குடியேறினார். நண்பர் துப்பாக்கியோடு போன பாதையில் அவர் போகவில்லை. ஆய்வுக்கூடமும் மருத்துவக் கல்வியும்தான் அவர் தேர்ந்தெடுத்த வழி. 1967 அக்டோபர் 9 அன்று பொலிவியாவில் சே சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 39.

2004-ல் வால்டர் சாலஸ் இந்தப் பயணத்தைப் படமாக எடுத்தார். சேவாக நடித்தவர் கேல் கார்சியா பெர்னால். 80 வயதைத் தாண்டிய ஆல்பர்டோ படக்குழுவுக்கு ஆலோசனை சொல்லவும் உடன் இருந்தார். தன் இளமையை இன்னொருவர் நடிப்பதைப் பார்க்கும் வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்? 2011 மார்ச் 5 அன்று ஹவானாவில், 88-வது வயதில் அவர் காலமானார். அர்ஜென்டினா, வெனிசுலா, கியூபா ஆகிய மூன்று நாடுகளிலும் தன் அஸ்தியைத் தூவ வேண்டும் என்பது அவர் விருப்பம். பிறந்த மண், வேலை தந்த மண், நண்பன் இருந்த மண்.

நண்பர்களோடு நீண்ட பயணம் கிளம்பும் எல்லோரும் ஒரே விஷயத்துக்குத்தான் பயப்படுவார்கள். வண்டி வழியில் நின்றுவிடக் கூடாது. எர்னஸ்டோவும் ஆல்பர்டோவும் அந்தப் பயத்தோடுதான் கம்பி கட்டிக் கட்டி ஓட்டினார்கள். கடைசியில் வண்டி நின்றுதான் போனது. அதற்குப் பிறகும் பயணம் நிற்காமல் போனதற்குக் காரணம், பக்கத்தில் நடந்துவர ஒருவர் இருந்தார். அவ்வளவுதான்!